இருவரும் வெளிநாட்டில்: மனைவிக்கு அமெரிக்கக் குடியேற்ற விசா வாங்க எங்கே மனு போடுவது?

கேள்வி, 2024 பிப்ரவரி 11

நான் அமெரிக்கக் குடிமகன். ஐந்து வருடமாகச் சிங்கப்பூரில் வேலை. மனைவி திருச்சிக்காரர், இந்தியப் பாஸ்போர்ட். இரண்டு வருடத்துக்குள் டெக்சஸ் திரும்பிவிடலாம் என்று யோசனை. இங்குள்ள தூதரகத்திலேயே நேரடியாக மனு கொடுத்தால் மூன்று மாதத்தில் விசா கிடைக்கும், அமெரிக்காவுக்கு அனுப்பினால்தான் இழுக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? கல்யாணப் புகைப்படம் எத்தனை வைக்க வேண்டும்?

2024 பிப்ரவரி 11, இரவு

அவர் சொல்வது பழைய கதை. வெளிநாட்டில் குடியிருக்கும் அமெரிக்கர் அந்த ஊர்த் தூதரகத்திலேயே குடும்ப உறவினருக்கான ஐ-130 மனுவைக் கொடுத்துவிட்டுச் சில மாதங்களில் விசா வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 2011-இல் அதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்-க்குச் சொந்த அலுவலகம் இருந்த சில நகரங்களில் மட்டும் தொடர்ந்தது. 2019-க்குப் பிறகு அந்த அலுவலகங்களிலும் பலவற்றை மூடினார்கள். இன்று தூதரகமே மனுவை வாங்குவது விதிவிலக்கான நிலைமையில்தான்: உயிருக்கு ஆபத்து, அவசர மருத்துவம், கம்பெனி திடீரென்று அமெரிக்காவுக்கு மாற்றல் போட்டது, இப்படி. "இரண்டு வருடத்துக்குள் போகலாம்" என்பது அந்தக் கணக்கில் வராது.

ஆன்லைனில் ஐ-130 போடுங்கள். சிங்கப்பூரில் உட்கார்ந்தே போடலாம். நாங்களும் உங்கள் நிலைமைதான். கணவர் அமெரிக்கக் குடிமகன், நான் இந்தியக் குடிமகள், சிங்கப்பூர் பிஆர், அதாவது நிரந்தரவாசி. போன மாதம் மனு போட்டோம்.

ஒன்று அவசரம். இப்போது கட்டணம் 535 டாலர். ஏப்ரல் 1 முதல் ஆன்லைனில் 625, காகிதத்தில் 675. அதற்குள் போட்டுவிடுங்கள்.

2024 பிப்ரவரி 13

புகைப்படக் கேள்விக்கு வருகிறேன். தனித்தனி நாட்டில் இருக்கும் ஜோடிகளுக்குத்தான் அது பெரிய தலைவலி. பயணச் சீட்டு, பேசிய பதிவு, அனுப்பிய பணம் என்று அவர்கள் தேடித் தேடிச் சேர்க்க வேண்டும். நீங்கள் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், சேர்ந்த வங்கிக் கணக்கு, காப்பீட்டில் ஒருவருக்கொருவர் வாரிசு நியமனம், ஒரே முகவரிக்கு வரும் கரண்டு பில், இவை இருந்தால் போதும். புகைப்படத்தில் தாலி கட்டும் படம் ஒன்று, இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கும் படம் சில, பிறகு வெவ்வேறு காலத்தில் எடுத்த சில. ஆல்பம் முழுவதையும் ஏற்ற வேண்டாம். என் அம்மா நானூறு படங்களை அனுப்பிவைத்தார், எல்லாவற்றிலும் சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. உங்கள் கல்யாணம் உண்மையானதா என்பதை நீங்கள் சுலபமாகக் காட்டிவிடலாம். நீங்கள் அமெரிக்காவில் குடியிருப்பவர்தானா என்பதைக் காட்டுவதுதான் கடினம். ஸ்பான்சர் செய்பவருக்கு அமெரிக்காவில் டொமிசைல் இருக்க வேண்டும், அதாவது நிரந்தர இருப்பிடம். இல்லாவிட்டால், மனைவி போய் இறங்கும் நாளுக்குள் அங்கே மறுபடியும் குடியேறப்போகிறார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். குடியுரிமை இருந்தால் மட்டும் போதாது. இருவரும் வெளிநாட்டில் இருக்கும் ஜோடிகளில் நான் பார்த்த தாமதங்கள் பெரும்பாலும் இங்கேதான்.

2024 பிப்ரவரி 14

"கோயிலில் கல்யாணம், கோயில் ரசீது இருக்கிறது, போதாதா?" என்று கேட்டவருக்கு: போதாது. பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள். விடுப்பு குறைவாக எடுத்து ஊருக்கு வருபவர்கள் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே சார்பதிவாளர் அலுவலக வேலைக்கும் ஒரு நாள் ஒதுக்கிவையுங்கள். மதுரையில் எங்களுக்கு மறுவீட்டு விருந்துக்கும் விமானத்துக்கும் நடுவில்தான் அது நடந்தது.

2024 மார்ச் 3

பெயர் விஷயம். தமிழர்கள் எல்லோரும் இதை மனு போடுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. ஒற்றைப் பெயர்தான். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அச்சாகும். "முதல் பெயர் தெரியவில்லை" என்பதற்கான மூன்றெழுத்து அது. விசாவோடு முடிந்தால் பரவாயில்லை. கிரீன் கார்டு, சமூகப் பாதுகாப்பு அட்டை, ஓட்டுநர் உரிமம் என்று அதுவும் கூடவே வரும். பிறகு திருத்துவதற்கு ஒவ்வோர் அலுவலகமாக ஏற வேண்டும்.

நான் மனுவுக்கு முன்பே இங்குள்ள இந்திய ஹைகமிஷன் வழியாகப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிட்டேன். கணவர் பெயரைச் சேர்க்கலாமே என்று வீட்டில் பேச்சு வந்தது. என் பள்ளிச் சான்றிதழிலிருந்து பட்டம் வரை அப்பாவின் இனிஷியல்தான் இருக்கிறது, அதையே விரித்து எழுதினால் எல்லாக் காகிதமும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று சொன்னேன். மாமனாரே அது சரி என்றார்.

பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது, "பெண்" என்று மட்டும் இருக்கும். நகராட்சியில் பெயரைச் சேர்த்து வாங்க வழி உண்டு. பதிவே இல்லை என்றால், பதிவு இல்லை என்று அவர்களிடம் ஒரு சான்று வாங்கி, அதோடு பிறந்த விவரம் தெரிந்த பெரியவர்களின் பிரமாண வாக்குமூலம் வைக்க வேண்டும். இந்த வேலைக்கு ஊரில் ஒருவர் நேரில் அலைய வேண்டியிருக்கும். என் தம்பி அலைந்தான்.

2024 ஏப்ரல் 6

கட்டணம் ஏறிவிட்டது. கேள்வி கேட்ட தம்பி மார்ச்சில் பழைய கட்டணத்திலேயே போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி.

இனி வரி. "நான் சிங்கப்பூரில் வரி கட்டுகிறேன், அமெரிக்காவுக்கு எதற்குக் கணக்குக் காட்ட வேண்டும்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் குடிமக்கள் எந்த நாட்டில் சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு 2555 என்ற படிவம் வழியாக விலக்கு உண்டு, 2023 வருமானத்துக்கு அந்த வரம்பு 1,20,000 டாலர். வரி பூஜ்யமாக வந்தாலும் படிவம் போட்டே ஆக வேண்டும். கல்யாணமான பிறகு தனியாகக் கணக்குக் காட்டுபவருக்கு வருமானம் 5 டாலரைத் தொட்டாலே கடமை வந்துவிடுகிறது, ஐந்தாயிரம் இல்லை, ஐந்து. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் அறிக்கை தனி.

இதை ஏன் விசா பேச்சில் கொண்டுவருகிறேன் என்றால், ஆதரவு உறுதிமொழிப் படிவமான ஐ-864-இல் வரிக் கணக்கைக் கேட்பார்கள். பல வருடம் போடாதவர் அப்போதுதான் விழித்துக்கொள்வார். தெரியாமல் விட்டவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கடைசி 3 வருடக் கணக்கு, 6 வருட எஃப்பார், வேண்டுமென்றே விடவில்லை என்று கையெழுத்து. வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு இதில் அபராதம் இல்லை. வரி அலுவலகம் கடிதம் அனுப்பும் முன்பு செய்துவிட வேண்டும். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

2024 ஏப்ரல் 7

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வரிக் கணக்குக்கான தேதி ஜூன் 15 வரை தானாகவே நீளும். கட்ட வேண்டிய வரி இருந்தால் வட்டி மட்டும் ஏப்ரலிலிருந்தே ஓடும்.

2024 ஜூன் 22

யாழ்ப்பாணத்துச் சகோதரி கேட்டது: கணவரிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது, குடியுரிமை இல்லை. அவர் கொழும்புக்கு வந்து தன்னோடு இருந்துகொண்டே மனு போடலாமா?

உங்கள் வழி வேறு. குடிமகனின் மனைவிக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை. கிரீன் கார்டுக்காரரின் மனைவி எஃப்2ஏ வரிசையில் நிற்க வேண்டும், மாதந்தோறும் வரும் விசா புல்லட்டினில் தேதியைப் பார்த்துக்கொண்டே. இதைவிட முக்கியம், அவர் கொழும்பில் குடியிருக்க ஆரம்பித்தால் அவருடைய கார்டுக்கே ஆபத்து. நாங்கள் செய்வதைப் பார்த்து நீங்கள் செய்ய முடியாது. அவர் அங்கேயே இருந்து குடியுரிமைக்குத் தகுதி வந்ததும் விண்ணப்பிக்கட்டும். குடிமகனான பிறகு உங்கள் மனு தானாக மேல் வகைக்கு மாறும். பிரிந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

2024 அக்டோபர் 19

கணவர் ஓட்டுச் சீட்டை அனுப்பிவிட்டார். வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர் கடைசியாகக் குடியிருந்த மாநிலத்தில் வாக்களிக்கலாம். எங்களுக்கு நியூஜெர்சி. வாக்களிப்பது அவருக்கு எப்போதும் முக்கியம். அந்தப் பதிவு டொமிசைல் கோப்புக்கும் உதவும் என்பதால் அத்தாட்சியைச் சேமித்துவைத்தோம்.

2024 டிசம்பர் 8

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. எங்களுடையது மட்டும் இல்லை, இங்கே எழுதும் எல்லோருடையதும்தான்.

இந்தக் காத்திருப்பில்தான் அந்த யோசனை வரும்: "சுற்றுலா விசா கையில் இருக்கிறதே, போய் இறங்கிவிட்டு அங்கேயே கிரீன் கார்டுக்கு நிலைமாற்றம் கேட்டால் என்ன?" ஒரு ஏஜென்ட் எனக்கே இதைச் சொன்னார். செய்யாதீர்கள். குடியேறும் எண்ணத்தோடு சுற்றுலா என்று சொல்லி நுழைவது பொய்த்தகவல். அப்படி முடிவானால் ஆயுள் முழுக்கத் தடை விழும், அதை நீக்கத் தனி மனு, தனிப் போராட்டம். மனு நிலுவையில் இருக்கும்போது பார்த்துவிட்டு வர முடியும்தான். நுழைவாயிலில் அதிகாரி கேட்டால் உண்மையைச் சொல்லி, திரும்பி வர இங்கே வேலையும் வீடும் இருப்பதைக் காட்ட வேண்டும். நான் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

2025 மார்ச் 16

மனு ஏற்கப்பட்டது! வியாழன் இரவு மின்னஞ்சல் வந்தது. கணவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார், நான் இரண்டு தடவை படித்தேன்.

இனி கோப்பு நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். எல்லோரும் என்விசி என்பார்கள். அவர்கள் எண் கொடுத்ததும் இரண்டு கட்டணம், விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், உறுதிமொழிப் படிவத்துக்கு 120. அதன் பிறகு டிஎஸ்-260 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பம்.

2025 ஏப்ரல் 5

டிஎஸ்-260 நிரப்ப இரவு இரவாக உட்கார்ந்தேன். 16 வயதிலிருந்து குடியிருந்த எல்லா முகவரியும் கேட்கிறார்கள். கல்லூரி ஹாஸ்டல், சென்னையில் மாறிய வாடகை வீடுகள், துபாயில் தோழிகளோடு இருந்த அறை, எல்லாம். பழைய மின்னஞ்சல்களில் கூரியர் ரசீதுகளைத் தேடினால் முகவரி கிடைக்கும். கடைசி 5 வருடச் சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கிறார்கள். கிரீன் கார்டோடு சமூகப் பாதுகாப்பு எண்ணும் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும், ஆம் என்று சொல்லிவிடுங்கள்.

2025 ஏப்ரல் 26

நீளமாக எழுதப்போகிறேன். இந்த இழையில் எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான்.

ஐ-864-இல் ஸ்பான்சர், வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது வருமானம் காட்ட வேண்டும். இருவர் மட்டும் உள்ள குடும்பத்துக்கு இந்த வருடம் 26,437 டாலர். "என் கணவர் அதைப்போலப் பல மடங்கு வாங்குகிறாரே" என்று நீங்கள் நினைக்கலாம். அந்தச் சம்பளம் சிங்கப்பூர்க் கம்பெனி கொடுப்பது, ஊர் திரும்பினால் நின்றுவிடும். அமெரிக்கா போன பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வரும் வருமானம்தான் கணக்கில் சேரும். ஆக, எங்கள் வருமானம் பூஜ்யம். வரிக் கணக்கிலும் 2555 விலக்கு போனபின் மொத்த வருமானம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றுதான் தெரியும்.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, அமெரிக்காவில் வேலை உறுதியாகிக் கையில் கடிதம் இருப்பது. இரண்டு, சொத்து. குடிமகனின் மனைவி என்றால் குறைகிற தொகையைப்போல் மூன்று மடங்கு, வருமானம் பூஜ்யம் என்றால் எங்களுக்கு 79,311 டாலர். ஒரு வருடத்துக்குள் பணமாக மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். மனைவியின் சொத்தையும் சேர்க்கலாம். என் சிபிஎஃப், அதாவது சிங்கப்பூர்ச் சேமநிதிப் பணத்தைக் காட்டலாமா என்று யோசித்தோம். பிஆர்-ஐ விட்டுக்கொடுத்துச் சிங்கப்பூரை விட்டே போகும்போதுதான் அது கைக்கு வரும் என்பதால் அதை நம்பி நிற்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மூன்றாவது, அமெரிக்காவில் இருக்கும் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராக நிற்பது.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கூட்டு ஸ்பான்சர் வருமானக் குறையைத்தான் நிரப்ப முடியும். கணவரின் டொமிசைல் குறையை அவரால் நிரப்ப முடியாது. கணவர் தன் ஐ-864-ஐத் தனியாகப் போட வேண்டும், அதில் டொமிசைலைத் தானே நிறுவ வேண்டும். கோலாலம்பூர் தோழிக்கு மாமனார் கோடீஸ்வரர், டல்லாஸில் இருக்கிறார், படிவமும் சுத்தம். ஆனால் கணவரின் டொமிசைலுக்கு ஆதாரம் போதவில்லை என்று கோப்பு நின்றுவிட்டது.

நாங்கள் வைத்தவை: விடாமல் வைத்திருந்த அமெரிக்க வங்கிக் கணக்கின் அறிக்கை, நியூஜெர்சி ஓட்டுநர் உரிமம், ஓட்டுப் போட்ட அத்தாட்சி, தவறாத வரிக் கணக்கு, அங்கே வேலைக்கு விண்ணப்பித்துப் பேசிக்கொண்டிருக்கும் மின்னஞ்சல்கள், "இவர்கள் வந்து என் வீட்டில் தங்குவார்கள்" என்று நாத்தனார் எழுதிய கடிதம், சாமான் ஏற்றும் கம்பெனியின் விலைப்பட்டியல், இங்குள்ள வாடகை ஒப்பந்தம் முடியும் தேதி. இதோடு கணவர் தன் சொந்த நடையில் ஒரு பக்கம் எழுதினார்: எதற்காகச் சிங்கப்பூர் வந்தோம், ஏன் திரும்புகிறோம், எப்போது. அந்தப் பக்கம்தான் மற்ற எல்லாவற்றையும் கோத்துக் காட்டியது.

அமெரிக்க அரசு வேலையிலோ, அமெரிக்கக் கம்பெனியின் வேலையாகத் தற்காலிகமாகவோ வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு டொமிசைல் போகவில்லை என்றே கொள்ளலாம். அவர்களுக்குக் கம்பெனிக் கடிதம் பெரிய பலம்.

2025 மே 3

கூட்டு ஸ்பான்சராக யாரையாவது கேட்பது பற்றி. நாத்தனாரைக் கேட்டோம். அவர்கள் வீட்டில் நால்வர், என்னைச் சேர்த்து ஐவர், அவர் காட்ட வேண்டியது 47,062 டாலர். அவருக்கு அது பிரச்சினை இல்லை.

ஆனாலும் உடனே கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. இது வெறும் சிபாரிசுக் கடிதம் இல்லை, சட்டப்படி பிணைக்கும் ஒப்பந்தம். நான் குடிமகளாகும் வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரை, அல்லது நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும் வரை அவர் பொறுப்பு நீடிக்கும். நானும் கணவரும் நாளை பிரிந்தாலும் முடியாது. இதையெல்லாம் அவருக்கும் அவர் கணவருக்கும் ஒருசேர வீடியோ அழைப்பில் நானே சொன்னேன். தம்பி மனைவி வாயிலிருந்து "நாங்கள் பிரிந்தால்" என்ற வார்த்தையைக் கேட்க அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, "அனுப்பும்மா, போடுகிறேன்" என்றார். உறவுக்காரரிடம் இதைக் கேட்பவர்கள், என்ன கேட்கிறோம் என்பதை மறைக்காமல் கேளுங்கள்.

2025 ஜூலை 12

போலீஸ் சான்றிதழ். குடியுரிமை நாட்டிலும் இப்போது இருக்கும் நாட்டிலும் 6 மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் வேண்டும். முன்பு வாழ்ந்த வேறு நாடு என்றால் 12 மாதம். எனக்கு இந்தியா, துபாய், சிங்கப்பூர் மூன்றும். இந்தியச் சான்று இங்குள்ள ஹைகமிஷன் வழியாக. சிங்கப்பூர்ப் போலீஸிடம் வாங்க, இது எதற்கு வேண்டும் என்று காட்டும் கடிதம் தேவை, என்விசி கடிதம் போதும். துபாய் சான்றுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தால் கைரேகை எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது, மூன்றிலும் அதுதான் அதிக நேரம் எடுத்தது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போதே வாங்கிவைத்தால் நல்லது.

2025 ஆகஸ்ட் 10

முதல் கேள்வி கேட்ட தம்பி வீட்டில் பெண் குழந்தை! தாயும் சேயும் நலம். குழந்தைக்கும் ஐ-130 போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். தகப்பன் அமெரிக்கக் குடிமகன், குழந்தை பிறக்கும் முன் அவர் அமெரிக்காவில் மொத்தம் 5 வருடம் இருந்திருந்து அதில் 2 வருடம் 14 வயதுக்குப் பிறகு என்றால், குழந்தை பிறப்பிலேயே குடிமகள். தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்பு அறிக்கை பதிவு செய்து பாஸ்போர்ட் வாங்குங்கள்.

முதல் திருமணத்தில் பிறந்த பிள்ளை இருக்கும் மனைவிமார் கவனிக்க: குடிமகனின் மனைவி என்ற வகையில் பிள்ளை கூடவே ஒட்டிக்கொண்டு வராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130 வேண்டும், பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன்பே உங்கள் இந்தக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 14

என்விசி "ஆவணங்கள் முழுமை" என்று சொல்லிவிட்டது.

புது அறிவிப்பு ஒன்று. நவம்பர் 1 முதல் குடியேற்ற விசா நேர்காணலை, குடியிருக்கும் நாட்டிலோ குடியுரிமை நாட்டிலோதான் வைப்பார்கள். இங்கே பிஆர் அல்லது வேலை அனுமதியோடு இருப்பவர்களுக்குப் பாதிப்பு இல்லை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் நிலையில் இருப்பவர்கள் கோப்பை மும்பைக்கு மாற்ற வேண்டி வரலாம். சென்னைத் தூதரகத்தில் குடியேற்ற விசா நேர்காணல் கிடையாது. மதுரையிலிருந்து போனாலும் மும்பை பாந்த்ரா குர்லா வளாகம்தான்.

2025 நவம்பர் 9

மருத்துவப் பரிசோதனை முடிந்தது. தூதரகப் பட்டியலில் உள்ள மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும். மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், தடுப்பூசி. சின்ன வயதில் போட்ட ஊசிக்கு அட்டை இல்லாதவர்கள் ஊரில் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள், எம்எம்ஆர், டிடாப் எல்லாம் இங்கேயே போட்டுக்கொள்ளலாம். சின்னம்மை வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு ஊசி வேண்டியிருக்காது. கோவிட் ஊசி இந்த வருடம் பட்டியலிலிருந்து போய்விட்டது. பரிசோதனை பொதுவாக 6 மாதம்தான் செல்லும், விசாவின் தேதியும் அதை ஒட்டியே வரும். நேர்காணல் தேதி வரும் முன்பு அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

2025 டிசம்பர் 6

நேப்பியர் ரோட்டில் நேர்காணல் முடிந்தது. விசா தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

கல்யாணம் பற்றி அதிகம் கேட்கவில்லை. எப்படிச் சந்தித்தீர்கள், எத்தனை வருடமாக இங்கே சேர்ந்து இருக்கிறீர்கள், அவ்வளவுதான். நேர்காணல் செய்த அதிகாரி அம்மா நேரம் எடுத்துக்கொண்டது டொமிசைலில். "கணவர் எப்போது போகிறார்? வேலை கிடைத்துவிட்டதா?" அக்டோபரில் வந்த வேலைக் கடிதத்தைக் கொடுத்தேன். ஜனவரியில் சேர வேண்டும் என்று அதில் இருந்தது. படித்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு கையை உயர்த்தி உறுதிமொழி, கைரேகை, முடிந்தது.

வக்கீல் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை என்றுதான் ஆரம்பத்திலிருந்து நினைத்தேன், எங்களைப் போன்ற நேரான கேஸுக்கு இப்போதும் அதே கருத்து. ஆனால் இந்த இழையில் வந்த கேள்விகளைப் படித்த பிறகு ஒரு சிலருக்குக் கட்டாயம் வேண்டும் என்று தோன்றுகிறது: முன்பு அமெரிக்காவில் விசா முடிந்தும் தங்கியவர்கள், எங்காவது கைதானவர்கள், பழைய விண்ணப்பத்தில் வேறு தகவல் கொடுத்தவர்கள். அவர்கள் இணையத்தில் கேட்டு முடிவெடுக்க வேண்டாம், என்னிடமும் கேட்க வேண்டாம்.

2026 ஜனவரி 11

பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவில் ஐஆர்-1 என்று இருக்கிறது. மனு போட்டபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் வகையைத் தீர்மானிப்பது நுழையும் தேதி. இரண்டு வருடம் தாண்டிவிட்டால் 10 வருடக் கார்டு. தாண்டாதவர்களுக்குச் சிஆர்-1, 2 வருடக் கார்டு, அது முடியும் முன் கடைசி 90 நாளில், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். இரண்டாவது கல்யாண நாள் நெருங்கியிருந்தால் சில வாரம் பொறுத்துப் போகலாமா என்று காலண்டரைப் பாருங்கள், விசாத் தேதிக்குள் இருந்தால் சரி.

பறக்கும் முன் 235 டாலர் குடியேறுவோர் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கார்டு அச்சாகாது. அது வரும் வரை, முத்திரை விழுந்த விசாவே ஒரு வருடத்துக்குக் கார்டாகச் செல்லும்.

"விசா வாங்கி ஒரு தடவை போய் முத்திரை குத்திவிட்டு, மறுபடி சிங்கப்பூரில் வந்து இருக்கலாமா?" என்று துபாய் அண்ணன் கேட்டார். கார்டு அங்கே வாழ்வதற்குத்தான். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் மறுநுழைவு அனுமதி வேண்டும், அதை அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் உங்கள் மனைவி அமெரிக்கக் குடிமகள், அமெரிக்கக் கம்பெனிதான் அவரைத் துபாய்க்கு அனுப்பியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் 319(பி) என்ற பிரிவைப் பாருங்கள். வெளிநாட்டு வர்த்தகத்தில் உள்ள அமெரிக்கக் கம்பெனி வேலையாக வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களின் துணைவருக்கு, கார்டு கிடைத்ததும் வழக்கமான 3 வருடக் காத்திருப்பு இல்லாமலேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. உங்களுக்கு அதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. இதற்கு மட்டும் ஒரு வக்கீலைக் கேட்டுவிடுங்கள்.

2026 ஜனவரி 12

தம்பி, உங்கள் கோப்பு என்விசியில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஐ-864-ஐ இப்போதே ஆரம்பியுங்கள், குழந்தையைச் சேர்த்து மூவராகக் கணக்குப் போடுங்கள். என் கணவர் போன வாரம் நியூஜெர்சி போய்விட்டார், நான் பிப்ரவரியில் போகிறேன். உங்கள் டெக்சஸ் ஓட்டுநர் உரிமம் இந்தக் கோடையில் முடிகிறது என்று ஒரு தடவை சொன்னது நினைவில் இருக்கிறது. மாமியார் வீட்டு விசேஷத்துக்கு ஹூஸ்டன் போகிறீர்கள் அல்லவா, அந்தப் பயணத்திலேயே அதைப் புதுப்பித்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் இன்னும் பழைய முகவரி இருந்தால் அதையும்.